பால்குடத்தில் யார் பெயர்?

போன ஞாயிற்றுக்கிழமை பம்ப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அன்னபூரணி அழுததை யாரும் பார்க்கவில்லை. பார்த்த ஒருத்தி அம்மா. கண்ணில் சோப்பு விழுந்துவிட்டது என்று அன்னபூரணி சொன்னாள். அம்மாவும் நம்பிவிட்டாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? அந்த வீட்டில் பரீட்சையை நினைத்து அழ வேண்டியவன் கருணாகரன். அன்னபூரணி அல்ல.

அண்ணனும் தங்கையும் ஒரே வருடம் பள்ளியின் கடைசிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதியது மலாக்காவின் காஜா பெராங்கில் அவர்கள் வீட்டில் மட்டும்தான். கருணாகரனுக்கு இது இரண்டாம் முறை. முதல் முறை மற்றப் பாடங்களில் எல்லாம் நல்ல மார்க்கு. ஆனால் இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. இங்கிலீஷில் போனால் எல்லாமே போன மாதிரி, சான்றிதழ் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக்கூட அந்தச் சட்டம் அன்றைக்கு மனப்பாடமாகிவிட்டது.

அன்று அப்பா மருதப்பன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "இந்த வீட்டுல ரெண்டாவது தடவை எழுதுறது ஒருத்தருக்குத்தான். அது அவனுக்கு. அன்னத்துக்குத் தேவைப்படாது."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் பெருமையாகச் சிரித்தார். அன்னபூரணியும் அன்று சிரித்தாள்.

இன்று மாசி மகம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகு வரும் முதல் மாசி மகம். ரிசல்ட் இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

"அன்னம், ஈரத் தலையோட நிக்காத. மஞ்சத் துணியைச் சுத்திக்க" என்றாள் அம்மா பூங்காவனம். "நடுவுல தண்ணி குடிக்கக் கூடாது, தெரியும்ல?"

"தெரியும்மா."

சன்னாசிமலை ஆண்டவருக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டியிருந்தாள். போன வருடம் கருணாகரனே குடத்தைச் சுமந்தான். பலன் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்த வருடம் அம்மா ஆளை மாற்றிவிட்டாள்.

"அவன் கை ராசியில்லாத கை. நீ தூக்கு. உன் கை பட்டாப் பலிக்கும்" என்று தைப்பூசத்தன்றே சொல்லிவைத்தாள்.

அன்று முதல் அன்னபூரணி ஒருவேளைச் சோறுதான் சாப்பிட்டாள். கட்டாந்தரையில் பாய் விரித்துப் படுத்தாள். அம்மா கேட்டதைவிட அதிகமாகவே விரதம் இருந்தாள். தாளில் விட்டதைப் பாலில் பிடித்துவிட முடியும் என்று அவளுக்குள் ஒரு குழந்தைத்தனமான நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. வேண்டுதல் பிள்ளைகளுக்காகத்தானே? தானும் ஒரு பிள்ளைதானே?

*

மலாக்காவிலிருந்து கோவில் இருக்கும் செங்குக்குப் போகும் பஸ்ஸை அன்றைக்கு ஓட்டியவர் அப்பாவேதான். திருவிழாக் கூட்டம். வேட்டியும் காவடியும் குழந்தைகளுமாக பஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது.

அப்பா அன்னபூரணியைத் தன் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டார். எஞ்சின் சத்தத்தில் அவர் பேசியது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"அன்னம், ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்க."

"சொல்லுங்கப்பா."

"ரிசல்ட் வந்துச்சுன்னு வையி. உன் அண்ணன் மறுபடி பெயிலாயிட்டான்னா, நீ பாஸ் பண்ணதை ரொம்பக் காட்டிக்காத. குதிக்காத, ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வராத. அவன் மனசு ஒடைஞ்சிரும்."

அன்னபூரணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். அவ்ளோ படிச்சிட்டு, சந்தோஷத்தை மறைக்கிறதுன்னா. ஆனா நீ புத்திசாலி, புரிஞ்சுக்குவ" என்றார் அப்பா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரிப்பா" என்றாள்.

ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். இந்தச் சத்தத்தில் சொன்னால், காதில் விழுந்தும் விழாததுபோல் போய்விடும். ஆனால் அதற்குள் பஸ் நின்று, ஜனம் இறங்கத் தொடங்கிவிட்டது.

*

ஆற்றங்கரைப் பந்தலில் குடத்தில் பால் ஊற்றி, வாயை வாழையிலையால் மூடி, நூல் சுற்றித் தலையில் வைத்தார்கள். அம்மா முன்னால் நடந்தாள். அவளோடு பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி அக்கா.

"என்ன பூங்காவனம், உன் மவன் இந்த வருஷமாச்சும் கரையேறுவானா?"

"ஆண்டவன் ஏத்துவாரு."

"ஆண்டவன் ஏத்துனாலும் வெள்ளைக்காரன் தள்ளிவிடறானே! நாடு நம்ம கைக்கு வந்தாச்சு, கொடியும் ஏத்தியாச்சு. பேப்பரை மட்டும் இன்னும் அவன்தான் திருத்தணுமாக்கும்!"

சுற்றி நடந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

கருணாகரன் தங்கைக்குப் பக்கத்தில் குடை பிடித்து வந்தான். வெறுங்காலோடு தார் ரோட்டில் நடப்பது அடுப்பில் கால் வைத்த மாதிரி இருந்தது. புல் இருக்கும் ஓரமாக அவளைத் தள்ளித் தள்ளி நடத்திவந்தான்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய். எனக்கே வலிக்குது. நான் சும்மா வர்றவன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வீண் வேலை, அன்னம். நான் தேற மாட்டேன். மேப்புல ரங்கூனைக் கொண்டுபோய் சயாம்ல வச்சிட்டு வந்தவன் நான். உன் காலைத்தான் கெடுக்குறாங்க."

"பூகோளம் போனாப் பரவாயில்லண்ணே. இங்கிலீஷ் எப்படி எழுதுன?"

"இங்கிலீஷா? ஏதோ கையெழுத்து நல்லா இருந்துச்சு. நீ என்ன, உங்க ஸ்கூல் சிஸ்டர் மாதிரி கேள்வி கேக்குற? உனக்கு என்ன கவலை, சொல்லு?"

விளையாட்டாகத்தான் கேட்டான். தலையில் குடம் இருந்ததால் அவளால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. கன்னத்தில் வழிந்ததை அவன் முதலில் பால் என்று நினைத்தான்.

"ஏய், என்ன?"

"நான் சுருக்கி எழுதுற கேள்வியை எழுதல."

"எந்தப் பேப்பர்ல?"

"இங்கிலீஷ்ல."

குடை கொஞ்சம் சாய்ந்தது. "அது கட்டாயக் கேள்வி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதல? நேரம் பத்தலையா?"

"கட்டுரை எழுதிட்டு இருந்தேன். ஒரு பயணம்னு தலைப்பு. காஜா பெராங்லேருந்து புக்கிட் ரம்பாய்க்கு பஸ்ல போனதைத்தான் எழுத ஆரம்பிச்சேன். அப்பா பஸ்ஸைத்தான். ஆனா அது..." அவள் மூச்சு வாங்கினாள். "எப்படியோ அது ரயிலாயிருச்சு. வெளியில பனி பெய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"எங்க பனி?"

"கட்டுரையிலண்ணே."

கருணாகரன் சிரித்துவிட்டான். முன்னால் போன பாக்கியலட்சுமி அக்கா திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அன்னபூரணி நிறுத்தவில்லை. மூன்று மாதமாக அடைத்து வைத்தது மடை திறந்த மாதிரி வந்தது.

"ஒரு பொண்ணு தனியா ரயில்ல போறா. ஸ்டேஷன்ல அவளுக்காக ஒரு கிழவர் குதிரை வண்டியோட காத்திருக்காரு. அவரு தாடியில பனி ஒட்டியிருக்கு. நான் படிச்ச புஸ்தகங்கள்லாம் வந்துருச்சுண்ணே, தமிழ்ல படிச்ச வெளிநாட்டுக் கதையெல்லாம் இங்கிலீஷ்ல வந்துச்சு. அவ்ளோ அழகா வந்துச்சு. எனக்கே ஆச்சரியம். பொண்ணு வண்டியில ஏறி உக்காந்து போர்வையை இழுத்துக்கிறா, அப்ப மணி அடிச்சிட்டாங்க."

"அப்படியே விட்டுட்டியா?"

"டீச்சர் தாளைப் பிடுங்க வந்தாங்க. அப்பதான் திருப்பிப் பார்த்தேன். சுருக்கி எழுத வேண்டிய பின்பக்கம் பூரா வெள்ளையா இருந்துச்சு."

முன்னால் உறுமி மேளம் அதிர்ந்தது. யாரோ வேல் வேல் என்று கத்தினார்கள்.

அந்தத் தாள் கடல் தாண்டிப் போனதை அன்னபூரணி தினமும் நினைத்துப் பார்ப்பாள். அங்கே ஒரு அறை. கணப்பு எரியும். கண்ணாடி போட்ட ஒருவர் அவள் எழுதியதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புவார். வெளியே நிஜமான பனி பெய்துகொண்டிருக்கும். பனியைப் பார்த்தே இராத ஒரு பெண் பனியைப் பற்றி எழுதியிருக்கிறாளே என்று அவர் சிரிப்பாரா? அல்லது ஏதோ புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்று சிவப்பு மையால் அடித்துவிடுவாரா? அதற்கு மேல் அவளால் நினைக்க முடிந்ததில்லை.

"வீட்டுல ஏன் சொல்லல?" என்றான் கருணாகரன்.

"யாரு கேட்டா? எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க."

அவன் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். அவனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "நீயாச்சும் தப்பிச்சிருவன்னு நினைச்சிருந்தேன்" என்றான். "அந்த ஒரு நினைப்புலதான் நான் சோறு தின்னுட்டு இருந்தேன்."

*

மலையடிவாரம் கண்ணில் படும்போது சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு தியாகு வந்தான். கருணாகரனோடு படித்தவன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கருணா! டேய் கருணா! ரிசல்ட் ஒட்டிட்டாங்கடா!"

அம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"மூணாம் கிரேடு! பாஸ் லா! நானும் பாஸ், நீயும் பாஸ்! உன் பேரை விரலை வச்சுப் பார்த்துட்டுத்தான் வர்றேன்!"

அம்மா ரோடு என்றும் பார்க்காமல் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது நெற்றியில் மண். அதைத் துடைக்காமல் மகனின் முகத்தைத் தடவினாள். பாக்கியலட்சுமி அக்கா, "நான்தான் அப்பவே சொன்னேனே, இந்தப் புள்ளைக்கு என்ன குறைச்சல்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

கருணாகரன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். பாஸ் ஆனவன் முகமாக அது இல்லை. தியாகு அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி?"

"பொண்ணுங்க ஸ்கூல்ல பார்த்தியா?"

"போனேன் லா. கேட்டைப் பூட்டிட்டாங்க. நாளைக்குக் காலையிலதான் ஒட்டுவாங்களாம், காவலுக்கு நிக்கிற ஜாகா சொன்னாரு." தியாகு அன்னபூரணியைப் பார்த்துச் சிரித்தான். "தங்கச்சிக்கு என்ன, பேரை மேலேருந்து தேடுனாப் போதும். நாங்கதான் கீழேருந்து தேடணும்!"

"அது சரி" என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவளுக்கு என்ன பார்க்க வேண்டியிருக்கு? தம்பி, நீ அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயி அவங்க அப்பாகிட்டச் சொல்லிரு. ரெண்டு புள்ளைங்களும் பாஸுன்னு சொல்லு."

"அம்மா, நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள் அன்னபூரணி.

மேளக்காரர்கள் அந்த நேரம் பார்த்து ஓங்கி அடித்தார்கள். தியாகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

*

படி ஏறும்போது அன்னபூரணிக்குக் கால்களின் எரிச்சல் தெரியவில்லை. அண்ணனுக்குப் பலித்துவிட்டது. அதே குடம். அதே பால். அவனுக்குப் பலித்தது தனக்கு மட்டும் ஏன் பலிக்காமல் போக வேண்டும்? சயாமில் ரங்கூனை வைத்தவனையே கரையேற்றிய சாமி, ஒரு கேள்வியை விட்டவளைக் கைவிடுமா?

சந்நிதியில் கூட்டம் நெருக்கியது. குருக்கள் குடத்தை வாங்கி, நூலை அறுத்து, இலையை எடுத்தார். பாலில் ஒரு துளிகூடச் சிந்தியிருக்கவில்லை. அம்மா அதைப் பெருமையோடு பார்த்தாள்.

"யார் பேருக்கு?"

"கருணாகரன். அஸ்த நட்சத்திரம், சாமி."

குருக்கள் பெயரைச் சொல்லிப் பூவைப் போட்டார். "அடுத்து?"

"அவ்ளோதான் சாமி."

அன்னபூரணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தாள்.

"குடம் எடுத்த பொண்ணு பேரு?" என்றார் குருக்கள்.

"அவ அண்ணனுக்காக எடுத்தா சாமி. அவளுக்குன்னு வேண்டுதல் ஒண்ணும் இல்ல. அவதான் நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே" என்றாள் அம்மா, மூடிய கண்ணைத் திறக்காமலே.

ஒருவேளைச் சோறு, கட்டாந்தரை, தார் ரோடு. இத்தனை நாளும் அந்தக் குடத்தில் தன் பெயர் இல்லை என்பது அன்னபூரணிக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகைகூட வரவில்லை. பரீட்சைத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

"இன்னொரு பேரு இருக்கு சாமி" என்றான் கருணாகரன்.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"அன்னபூரணி."

"அவளுக்கு எதுக்குடா? பின்னால ஜனம் நிக்குது பாரு."

"சொல்ல விடும்மா."

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

கருணாகரன் வாயைத் திறந்தான். அவனுக்குத் தெரியவில்லை. தங்கை பிறந்த நட்சத்திரம் எது என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் அம்மாவைப் பார்த்தான்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பம்ப்படியில் பார்க்காமல் விட்டதை இப்போது பார்த்தாள்.

குருக்களின் விரல்களுக்கிடையே பூ காத்திருந்தது. பின்னாலிருந்து யாரோ, "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார்கள்.

"சதயம்" என்றாள் அம்மா. குருக்கள் பக்கம் திரும்பி மறுபடி சொன்னாள். "சதய நட்சத்திரம், சாமி."

பூ விழுந்தது. மணி அடித்தது. பால் ஆண்டவர் மேல் வழிந்து எங்கோ இறங்கிப் போனது.

காலிக் குடத்தை வாங்கிக்கொண்டு தூண் ஓரம் ஒதுங்கியதும் அம்மா அவள் காதருகே குனிந்தாள்.

"எந்தப் பேப்பர்?"

அன்னபூரணி குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இங்கிலீஷா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

வேறு ஏதாவது பேப்பர் என்று அவள் சொல்லியிருந்தால் அம்மா ஆறுதல் சொல்லியிருப்பாள். இங்கிலீஷ் என்றால் என்ன என்று அம்மாவுக்குப் போன வருடமே தெரியும். இந்த வீட்டில் இரண்டாவது தடவை யாருக்கு என்பதும் தெரியும்.

கீழே ரோட்டில் ஹார்ன் சத்தம். விட்டு விட்டு, கல்யாண ஊர்வலத்துக்கு அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் பஸ். தியாகு சொல்லிவிட்டான். படியிலிருந்து எட்டிப் பார்த்த கருணாகரனுக்கு, அப்பா டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒருவரிடம் அவர் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். இரண்டு பிள்ளைகள்.

"அம்மா, அப்பா எல்லார்கிட்டயும் சொல்றாரு" என்றான்.

அம்மா முந்தானையை எடுத்து மகளின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் துடைத்தாள். பிறகு தட்டிலிருந்து விபூதியை எடுத்து அவள் நெற்றியில் அள்ளிப் பூசினாள்.

"இறங்கு" என்றாள். "நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு நான் வர்றேன் உன்கூட. அதுவரைக்கும் அவருக்கு ஒண்ணும் தெரிய வேணாம்."

"கண்ணு செவந்திருக்கும்மா."

"கேட்டா, கண்ணுல விபூதி விழுந்துருச்சுன்னு சொல்லு."